பத்தடி முகம்

சில வருடங்களுக்கு முன் நாசரேத்தில் நண்பரின் அம்மா தவறிப் போனார். அஞ்சலி பேனருக்குப் படம் தேடினால், பழைய செல்போனில் எடுத்தது ஒன்றுதான் கிடைத்தது. பிளெக்ஸ் கடைத் தம்பி அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்க, அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

‘‘இதுல இருக்கிறது அவ்வளவுதான் அண்ணாச்சி. இல்லாததை நான் எங்க போய் எடுக்க?’’

நியாயம்தான். பி.காம். படித்த பாவத்துக்கு நானும் கணக்குப் போட்டேன். பேனரின் அகலம் பத்தடி, அதாவது 120 அங்குலம். கையில் வைத்துப் படிக்கிற புத்தகம் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கு 72 போதும். அதற்கே அகலவாக்கில் 8,640 புள்ளிகள். எங்கள் படத்தில் இருந்தது வெறும் 640!

சின்னப் படத்தைப் பெரிதாக்கும் தலைவலி கம்ப்யூட்டருக்கும் முந்தியது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 1950 முதல் 1990 வரை 60 அடி நீளம், 18 அடி உயரத்துக்கு வண்ணப்படங்களை மாட்டி வைத்தது கோடக் கம்பெனி. பட்டை பட்டையாகப் பிரின்ட் போட்டு ஒட்டி, பின்னாலிருந்து விளக்கு.

நம்மூர் சினிமா பேனர் ஓவியர்களுக்கு அந்த வசதியெல்லாம் ஏது? கையளவு ஸ்டில்லில் பென்சிலால் கட்டம் போடுவார்கள். பேனரிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைவார்கள். பின்னணியைப் பூசுவது சிஷ்யப் பிள்ளைகள்; கண்ணும் உதடும் மட்டும் வாத்தியார் கை. ஸ்டில்லில் இருட்டில் போன கன்னத்தை அவரே பூசி நிரப்பிவிடுவார். கிட்டே போனால் வெறும் சாயத் தீற்றல். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றால் எம்.ஜி.ஆர்.!

2000-க்குப் பிறகு பிளெக்ஸ் பரவியது. நாள்கணக்கு வேலை மணிக்கணக்கில் முடிந்தது, காசும் குறைவு. வியாபாரக் கணக்கில் தூரிகை தோற்றதில் ஆச்சரியமில்லை. ஆனால், இல்லாத கன்னத்தை வரைந்து கொடுத்த கையும் சேர்ந்தல்லவா போய்விட்டது? கைத்தொழில் கற்றுக் கொடுக்க 1878-லேயே கேனன் மர்காஷிஸ் பள்ளி தொடங்கிய ஊர் இது. அங்கேயே அன்று பேனர் வரைய ஒரு ஆள் எங்களுக்குச் சிக்கவில்லை.

கடைசியில் பீரோவுக்குள் ஒரு போஸ்ட் கார்டு சைஸ் ஸ்டூடியோ படம் கிடைத்தது. தம்பி அதை ஸ்கேன் செய்து, தூசியும் கீறலும் நீக்கி, ‘‘இனி கவலையில்ல. ஆனா கலர் கொஞ்சம் மாறும் அண்ணாச்சி’’ என்றான். திரையில் தெரிவது வெளிச்சம், பிளெக்ஸில் விழுவது மை; இரண்டும் ஒன்றாகாது.

அம்மாவின் சிவப்புப் புடவை சற்று மங்கித்தான் வந்தது. முகம் அவருடையதாக இருந்தது.