தரைக்கும் தளத்திற்கும் இடையே: மலாயாத் தோட்ட லயங்களில் ஈரமும் வீட்டடி வெளியும்

மலாயாத் தோட்டப்புறத் தமிழர் வரலாற்றை எழுதியோர் கங்காணி முறை, கூலி, கள்ளுக்கடை, தோட்டப்பள்ளி ஆகியவற்றைப் பற்றி மிகுதியாக எழுதியுள்ளனர். அவர்கள் வாழ்ந்த லயங்களைப் பற்றிய குறிப்புகளும் உள. ஆயின் அவை பெரும்பாலும் அறையின் நீள அகலத்தோடு நின்றுவிடுகின்றன. தூண்களின்மேல் எழுப்பப்பட்ட பழைய லயங்களில் பலகைத் தளத்திற்கும் மண்தரைக்கும் இடையே ஒரு வெளி இருந்தது. அது எதற்காக விடப்பட்டது, எதற்காகப் பயன்பட்டது என்னும் இரு வினாக்களுக்கும் விடை ஒன்றன்று. அவ்விடைகளுக்கு இடைப்பட்ட முரணையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மண் முற்றாக உலரும் பருவம் என ஒன்று இங்கு இல்லை. மண்ணில் தங்கிய நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே சுவரில் ஏறும். ஆவியாகி மேலுள்ள பலகையிலும் படியும். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் கடந்து நீடிக்குமாயின் பூஞ்சை பற்றி மரம் உளுக்கத் தொடங்கும். மலாய்த் தச்சர்கள் இதற்குக் கண்ட வழி எளியது. தூணை மண்ணில் புதையாது கல்லின்மேல் நிறுத்தினர். வீட்டின் அடிப்புறத்தைக் காற்றோட்டத்திற்குத் திறந்து விட்டனர். லிம் ஜீ யுவான் 1987இல் வெளியிட்ட மலாய் வீடு பற்றிய நூல் இக்கட்டுமான முறையை விரிவாகக் காட்டுகிறது. ஈரத்தைத் தடுப்பதன்று, அது தங்காமற் போகவிடுவதே இங்குள்ள நெறி.

தமிழகச் சிற்றூரிலிருந்து வந்தவர் அறிந்த வீடு வேறு. மண்ணைக் கொட்டி மேடாக்கி, இடித்துக் கெட்டிப்படுத்தி, சாணமிட்டு மெழுகிய தரை அது. மாதக்கணக்கில் காயும் வெயிலே அதனை உலர்த்திக் காத்தது. அடுப்பும் அம்மியும் மண்மீதே இருந்தன. அவ்வாறு வாழ்ந்தவருக்குத் தலைக்குமேல் பலகையும் காலடியில் மண்ணுமாக இருந்த வீட்டடி, வெற்றிடமாகத் தோன்றியிராது.

இனி, கட்டியவர்களின் நோக்கத்தைப் பார்ப்போம். ஈரமண்ணிலிருந்து எழும் நச்சாவியே காய்ச்சலுக்குக் காரணம் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர் பலர் நம்பினர். வெப்பநாடுகளில் வீட்டை உயர்த்திக் கட்டவேண்டும் என்னும் அறிவுரைக்கு இந்நம்பிக்கையும் ஓர் அடிப்படை. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டபின் அவ்வடிப்படை தகர்ந்தது. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மல்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். ஈரம் என்று பொதுவாகப் பேசிய நிலை மாறி, எந்த நீர், எங்கே, நிழலிலா வெயிலிலா என்று கேட்கும் நிலை வந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டி ஓடைகளில் வெயில் படச் செய்ததே ஒருவகை அனோபிலிஸ் கொசு பெருகக் காரணமாயிற்று என்பதும் அப்போது புலனாயிற்று. பின்னர் 1915இல் தொடங்கி மலாயாவில் கொக்கிப்புழு ஆய்வை நடத்திய ராக்கஃபெல்லர் நிறுவனக் குழு, வேறொரு கேட்டின்மீது கவனத்தைத் திருப்பியது. மலம் கலந்த, நிழலுள்ள ஈரமண்ணில் வாழும் புழு, வெறுங்காலின் வழியே உடலுள் நுழைகிறது. ஆவியாக அஞ்சப்பட்ட ஈரம், இப்போது மிதிபடும் மண்ணாக அஞ்சப்பட்டது. காரணங்கள் மாறின, வீட்டடி காலியாகவும் உலர்ந்தும் இருக்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு மட்டும் மாறவில்லை.

ஆனால் அது காலியாக இருக்கவில்லை. ஏறத்தாழ பத்தடிச் சதுரமான ஓர் அறையில் ஒரு குடும்பமே உறங்கியது. ஆகவே சமையல் கீழே இறங்கியது. விறகும் கோழிக்கூடும் அங்கே சேர்ந்தன. தளத்தைத் தாங்கிய உத்தரத்தில் தொட்டில் தொங்கியது. மறைப்புக்காகச் சாக்கும் பழந்தகரமும் கட்டப்பட்டன. மறைப்பு வந்ததும் காற்று நின்றது. பாத்திரம் கழுவிய நீர் தேங்கியது. எந்த ஈரத்தை விலக்கத் தூண் நடப்பட்டதோ அவ்வீரம் தளத்தின்கீழ் நிலைபெற்றது. (அடுப்புப் புகை பலகையை ஓரளவு உலர்த்தியிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.) இதனைத் தொழிலாளரின் தூய்மையின்மை எனக் கொள்வது எளிது. அங்ஙனம் கொள்வது பிழை என்பதற்குத் தோட்டத்துரையின் பங்களாவே சான்று. அதுவும் செங்கல் தூண்களின்மேல் நின்றது; அதன் அடியும் திறந்திருந்தது. அது உலர்ந்து கிடந்ததற்குக் காரணம் துரையின் ஒழுக்கமன்று. பங்களாவின் சமையற்கட்டும் பணியாளர் அறைகளும் பின்புறத்தில் தனியே கட்டப்பட்டு, கூரையிட்ட நடைபாதையால் இணைக்கப்பட்டிருந்தன. வீட்டடியை வெறுமையாக விடுவதற்கு வீட்டின் பிற பகுதிகள் போதுமானவையாக இருத்தல் வேண்டும். லயத்தில் கட்டுமான நெறி கடைப்பிடிக்கப்பட்டது. அந்நெறி பயன்தருவதற்குரிய இடம் வழங்கப்படவில்லை.

தரைமட்டத்தில் சிமெண்டுத் தளமிட்ட லயங்களும் தனிவீடுகளும் பிற்காலத்தில் பெருகின. சமையலறை வீட்டுக்குள் வந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தளவுத் தரங்களை வகுத்தன. ஈரத்தடுப்பு இன்றி மண்மீது நேரே ஊற்றப்பட்ட சிமெண்டில் நீர் கசிந்தேறும். சுவரின் அடியில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிரும். பாய் விரித்துப் படுத்தவர் அதனை முதுகால் அறிந்தனர். தூண்மேல் நின்ற லயங்களோ மறைந்துகொண்டிருக்கின்றன. வாய்மொழி வரலாறு திரட்டும் நம் மாணவர்கள் முதியோரிடம் எத்தனை அறைகள் இருந்தன என்று கேட்கிறார்கள். அடுப்பு எங்கே இருந்தது, மழை நாளில் அங்கே நீர் எதுவரை வந்தது என்றும் கேட்பார்களாயின், ஆவணங்களில் கிட்டாத செய்திகள் பல, குறிப்பாகப் பெண்களிடமிருந்து, கிடைக்கக்கூடும்.