நீங்கள் கண்டீர்களா? கம்பளைப் பெரஹர வழக்கும் வாய்மொழிச் சாட்சியமும்

பத்தாம் தரத்துக்கு 1915ஆம் ஆண்டுக் கலவரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடநூலில் உள்ளவை சில வரிகள்தாம். அது போதாதென்று என் மூத்தாப்பா சொன்னவற்றையும் சேர்த்துக்கொண்டேன். வெசாக் இரவில் கண்டிப் பக்கமிருந்து எழுந்த கூச்சலையும், எங்களூர்ப் பெண்கள் பிள்ளைகளுடன் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்ததையும் நான் உருக்கமாக விவரித்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், மூத்தாப்பா அத கண்டாங்களா?"

"அவருக்கு அப்ப நாலு வயசு. அவருட வாப்பா சொல்லித்தான் அவருக்குத் தெரியும்."

"அப்ப சேர் சொல்றது மூணாவது ஆள் சொன்ன கதைதானே?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டம் படியாத அந்தப் பிள்ளை கேட்டது ஒரு நீதிமன்றக் கேள்வி. அந்தக் கலவரத்துக்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருந்தது. கலவரத்தை அறிந்த பலர் அந்த வழக்கை அறியார்.

பேராதனையிலிருந்து கெலிஓயா வழியாகத் தெற்கே போனால் கம்பளை. அங்குள்ள வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹர அம்பகமுவ வீதியால் செல்வது வழக்கம். அவ்வீதியில் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து வியாபாரம் செய்த கரையோரச் சோனகரின் பள்ளிவாசல் எழுந்தது. பள்ளியருகே மேளவாத்தியத்தை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே 1912இல் அரசாங்க அதிபர் அனுமதி வழங்கினார். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே அதனை ஏற்கவில்லை. முடிக்கு எதிராகக் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் வாசகம் பௌத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக வாக்களித்தது என்பது அவரது வாதம்.

ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது. ஆனால் ஒரு வீதியில் தொன்றுதொட்டு மேளம் ஒலித்ததா, இல்லையா என்பதை எந்த ஒப்பந்தமும் சொல்லாது. இத்தகைய கேள்வி எழும்போது முதியவர்களின் நினைவையே நீதிமன்றம் நாட வேண்டியுள்ளது.

அந்நினைவை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு அப்போதே சட்டம் இருந்தது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது. இந்தியா 2024 ஜூலை முதல் புதுச்சட்டத்துக்கு மாறிவிட்டது. நாம் இன்னும் பழையதையே வைத்திருக்கிறோம். அதன் 60ஆம் பிரிவின்படி வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும். கண்டதைக் கண்டவரே சொல்ல வேண்டும். கேட்டதைக் கேட்டவரே சொல்ல வேண்டும்.

முதலில் அழைத்த தரப்பின் சட்டத்தரணி சாட்சியை விசாரிப்பார். பின்னர் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். இறுதியில் மீள் விசாரணை. குறுக்கு விசாரணையில்தான் பதிலை உள்ளடக்கிய கேள்விகளைத் தாராளமாகக் கேட்கலாம். "எங்கே நின்றீர்? எத்தனை வயது? யார் சொல்லித் தெரியும்?" என்ற கேள்விகளில் கதை வேறாகவும் கண்டது வேறாகவும் பிரியும். முக்கிய விடயமொன்றைச் சாட்சி சொல்லும்போது எதிர்த்தரப்பு கேள்வி கேளாது விட்டுவிட்டால் அந்த மௌனம் பின்னர் அதற்கே பாதகமாகலாம்.

இம்முறை வருமுன் எங்கள் பகுதியில் நடந்ததை ரொபர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். 1660இல் சிறைப்பட்ட அவர் பேராதனைக்கு அண்மையிலுள்ள எலதெத்தவிலும் வாழ்ந்தவர். காணித் தகராறு தீராதபோது இரு தரப்பினரும் கொதிக்கும் எண்ணெயில் கைவிட்டுச் சத்தியம் செய்தனராம். கையைச் சோதித்த இடத்தில் பின்னாளில் சொல்லைச் சோதிக்கத் தொடங்கினோம்.

நமக்கும் இது புதிதன்று. ஹதீஸ்கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் ஒவ்வொருவரது நேர்மையையும் நினைவாற்றலையும், யாரிடம் கேட்டார் என்பதையும் துருவிப் பார்த்தே செய்தியை ஏற்றனர்.

கம்பளை வழக்கை விசாரித்த நீதிபதி போல் ஈ. பீரிஸ் தாமே ஒரு வரலாற்றாசிரியர். 1914 ஜூன் 4ஆம் திகதி பஸ்நாயக்க நிலமேக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரி 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. ஒப்பந்தம் தந்த உரிமையும் பொது ஒழுங்கைப் பேணும் சட்டங்களுக்கு உட்பட்டதே என்பது அதன் நிலைப்பாடு. நான்கு மாதங்கள் கூடக் கழியவில்லை. மே 28ஆம் திகதி இரவு கண்டி, காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே வெசாக் ஊர்வலம் வந்தபோது கலவரம் மூண்டு பல மாகாணங்களுக்குப் பரவியது.

கலவரத்துக்கு வியாபாரப் போட்டி உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் அந்த வழக்கிலிருந்து ஒன்றை நாம் கற்கலாம். நீதிமன்றம் உரிமை யாருடையது என்றுதான் சொல்லும். தீர்ப்புக்குப் பின் ஒரே வீதியில் எப்படி நடப்பது என்பதை நாமே பேசித் தீர்க்க வேண்டும். அந்தப் பேச்சு நடக்கவில்லை. அவர்கள் முதல் தீர்ப்பை நினைவில் வைத்தார்கள். நாங்கள் இரண்டாவதை வைத்துக்கொண்டோம்.

சான்றுச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் ஒரு நுட்பம் உண்டு. பொது வழக்கம் பற்றி இறந்த ஒருவர் சொன்னதையும் நீதிமன்றம் ஏற்கலாம். ஆனால் அவர் அதனைத் தகராறு எழுமுன் சொல்லியிருக்க வேண்டும். தகராறு தொடங்கிய பின் நாவும் ஒரு பக்கம் சேர்ந்துவிடும் என்பதை அறிந்தே இப்படி வைத்திருக்கிறார்கள். என் மூத்தாப்பாவின் கதை தகராறுக்குப் பின் பிறந்தது. சிங்கள அயலவர் வீட்டில் சொல்லப்படும் கதையும் அப்படித்தான். இரண்டையும் யாரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை. ஊர் வரலாறு எழுதும் எம்மவர் சிலர் முதியவர் சொன்னதை அப்படியே அச்சேற்றுகிறோம். அதனை மரியாதை என்று எண்ணுகிறோம்.

அடுத்த வாரம் மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள முதியவரிடம் ஊரைப் பற்றி ஒரு செய்தி கேட்டு எழுத வேண்டும். கீழே மூன்று கேள்விகளுக்கான பதிலும் வேண்டும்: தாமே கண்டாரா? இல்லையெனில் யார் சொன்னார்? வேறுவிதமாகச் சொல்பவர் உண்டா? மூன்றாவது கேள்விக்கு விடைதேடி இரண்டு பிள்ளைகள் சிங்கள அயலவர் வீட்டுக்கும் போய்வந்தார்கள். தேநீர் கொடுத்து உபசரித்தார்களாம்.

மூத்தாப்பாவின் கதையை நான் கைவிடவில்லை. இப்போதும் வகுப்பில் சொல்கிறேன். அவர் அதனைக் காணவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.