சாட்சியமாகும் விதைநெல்: அமர் கன்வரின் படங்கள்

1964-இல் புது தில்லியில் பிறந்த அமர் கன்வர் ஆவணப்படக்காரராகத் தொடங்கியவர். வாகா எல்லையின் அந்திநேர அணிவகுப்பில் ஆரம்பிக்கும் அவரது ‘எ சீசன் அவுட்சைட்’ (1997), 2002-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமெண்டா கண்காட்சியில் இடம்பெற்றது. அதன்பின் அவரது படங்கள் பெரும்பாலும் கலைக்கூடங்களுக்கென்றே உருவாயின.

இடம் மாறியபோது வடிவமும் மாறியது. ‘தி லைட்னிங் டெஸ்டிமனீஸ்’ (2007) எட்டுத் திரைகளில் ஒரேசமயம் ஓடுவது. பிரிவினை தொடங்கி மணிப்பூர் வரை பெண்கள்மீது நிகழ்ந்த பாலியல் வன்முறையே அதன் பொருள். ஒரு திரையில் கண் பதிக்கும்போது மற்றவை நழுவிப்போகின்றன. வரலாற்றை நாம் பார்க்கத் தவறும் விதமும் அதுவே அல்லவா?

பர்மாவில் எல்லா நூல்களின் முதல் பக்கத்திலும் ராணுவ அரசின் கோஷங்கள் அச்சாகவேண்டும் என்பது அன்று சட்டமாக இருந்தது. அப்பக்கங்களைக் கிழித்துவிட்டு நூல்களை விற்ற மாண்டலே புத்தக வியாபாரி கோ தான் டே 1994-இல் சிறைப்பட்டார். அவருக்கான காணிக்கையே ‘தி டார்ன் ஃபர்ஸ்ட் பேஜஸ்’ (2004–08). அதில் காட்சிகள் காகிதத் தாள்கள்மீது விழுகின்றன.

சுரங்கங்களும் ஆலைகளும் நிலத்தை விழுங்கும் ஒடிஷாவைப் பற்றியது ‘தி சாவரின் ஃபாரஸ்ட்’. 2012 டாக்குமெண்டாவில் அதன் திரைகளுக்கு அருகே 266 வகை நாட்டு நெல்விதைகள் வைக்கப்பட்டிருந்தன. நிலம் பறிபோவதை இழப்பீட்டுத் தொகையால் மட்டும் அளக்கும் நீதிமன்றத்தில் விதைநெல் சாட்சி சொல்லமுடியுமா, கவிதை ஆதாரமாகுமா என்பதே கன்வர் எழுப்பும் கேள்வி. தீர்ப்பு வழங்கும் அதிகாரம் கலைக்கு இல்லை. ஆனால் குற்றம் நடந்த இடத்தை அது அழியாமல் வைத்திருக்கிறது.