படம் எடுக்கவும் ஒரு பள்ளிக்கூடம்

"சினிமா எடுக்கக் காலேஜில் படிக்க வேண்டுமா? ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து பெரிய டைரக்டரானவர்கள் எத்தனை பேர்!" என்று நம் வயதுக்காரர்கள் சொல்வதுண்டு. அது பொய்யில்லை. ஆனால் இந்தப் படிப்புக்கும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

மாஸ்கோவில் 1919-லேயே திரைப்படப் பள்ளி தொடங்கிவிட்டது. பிரான்சில் 1944 தொடக்கத்தில், பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த நேரத்தில், மார்செல் லெர்பியே என்ற இயக்குநரின் முயற்சியால் 'இதேக்' திறக்கப்பட்டது. ஊரில் ரொட்டிக்கே ரேஷன். அந்த நிலைமையிலும் கேமராவையும் எடிட்டிங்கையும் பாடமாக வைத்தார்கள். முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் ஒருவர் அலேன் ரெனே. பின்னால் அங்கே படித்த லூயி மால், நம் நாட்டைச் சுற்றிப் படம்பிடித்துத் தொலைக்காட்சிக்கென்று ஒரு நீண்ட தொடர் செய்தார். அதில் சென்னைக்கே தனியாக ஒரு பகுதி உண்டு.

நம் நாட்டில், எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951-ல் இதற்கென ஒரு நிறுவனம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பூனாவில் அது உருவானது 1960-ல். இடையில் ஒன்பது வருஷம். கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. பிரபாத் கம்பெனி ஓய்ந்தபின் சும்மா கிடந்த அதன் ஸ்டூடியோவே வகுப்பறையானது. 'சந்த் துக்காராம்' எடுத்த அதே தளம். டெல்லியில் இருந்த தொலைக்காட்சிப் பயிற்சிப் பிரிவு 1974-ல் இங்கே வந்து சேர்ந்தது. மறு வருஷம் ஆகஸ்டு 15-ல் மதறாஸ் தூர்தர்ஷன் ஆரம்பமானது. அந்தப் புதிய நிலையங்களுக்கெல்லாம் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

பூனாவையும் பாரிசையும் இணைத்த ஒருவர் குமார் சஹானி. ரித்விக் கட்டக்கிடம் பூனாவில் பாடம் கேட்டு, பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் 'இதேக்' போனார். ரொபேர் பிரெசோனிடம் உதவியாளராக வேலை செய்தார். திரும்பி வந்து 1972-ல் 'மாயா தர்ப்பண்' எடுத்தார். நமக்கு இன்னும் நெருங்கிய பெயர் பாலு மகேந்திரா. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து பூனா போய் ஒளிப்பதிவு படித்தவர். 'மூன்றாம் பிறை'யின் வெளிச்சத்தை மறந்தவர் யார்?

1986-ல் 'இதேக்'கின் இடத்தில் 'ஃபெமிஸ்' வந்தது. அது இப்போது இருப்பதும் மோன்மார்த்ரில், பாத்தே கம்பெனியின் பழைய ஸ்டூடியோவில்தான். பூனாவைப் போலவே! பள்ளி இறுதிக்கு மேல் இரண்டு வருஷம் படித்திருந்தால் போதும். ஆனால் கடுமையான 'கோங்கூர்', அதாவது போட்டித் தேர்வு. இயக்கம் மட்டுமில்லை, கதை, ஒலி, படத்தொகுப்பு, தயாரிப்பு, படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுபோகும் விநியோகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வகுப்பு.

எங்கள் தெருவில் ஒரு பெண், பி.காம். முடித்துவிட்டுத் திரைப்படத் தயாரிப்பில் மேற்படிப்பு படிக்கிறேன் என்கிறாள். "நீங்கள் சொன்னால் கேட்பாள், எம்.பி.ஏ.வுக்குத் திருப்பிவிடுங்கள்" என்று அவள் அப்பா என்னிடம் வந்தார். நான் திருப்பவில்லை. தயாரிப்பு என்பதே பட்ஜெட், கால அட்டவணை, ஒப்பந்தம், நூறு பேருக்குச் சாப்பாடு. பி.காம். அங்கே வீண்போகாது என்றேன். வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. செலவைக் கணக்குப் போட்டு, கடன் எவ்வளவு தாங்கும் என்று அப்பாவும் மகளும் உட்கார்ந்து பேசட்டும்.

பிரெஞ்சில் 'மெத்தியே' என்று ஒரு சொல் உண்டு. தச்சு வேலைக்கும் அதுதான், டாக்டர் தொழிலுக்கும் அதுதான். சினிமாவையும் அந்த வரிசையில் வைத்துத்தான் அவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளை இதே பேச்சை எடுத்தால், "கூத்தாடப் போகிறாயா?" என்று கேட்டுவிடாதீர்கள். எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், கையில் என்ன வேலை வரும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.