தமிழ்ப் பேசும்படத்தின் முதற்குரல்

பம்பாயில் வாழும் தமிழன்பர்கள் பலர் அறியாத செய்தியொன்று உண்டு. முதல் தமிழ்ப் பேசும்படம் பிறந்தது சென்னையில் அன்று. அவர்கள் வாழும் அந்நகரிலேதான். 1931-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' வெளிவந்து நாடெங்கும் பரபரப்பை உண்டாக்கிற்று. தென்னாட்டில் அப்போது ஒலிப்பதிவு செய்யும் படப்பிடிப்பு நிலையம் ஒன்றுகூட இல்லை. 1934 வரையில் அந்நிலை நீடித்தது. ஆகவே இரானியின் நிலையத்திலேயே, 'ஆலம் ஆரா'வுக்காக அமைத்த காட்சிகளின் நடுவிலேயே, 'காளிதாஸ்' உருவாயிற்று. அதன் கதாநாயகி, காவிரிக்கரையிலிருந்து அங்கு சென்ற இருபது வயது மங்கை டி. பி. ராஜலக்ஷ்மி.

1911-இல் திருவையாற்றில் பிறந்தவர் அவர். மணம் என்றால் என்னவென்று அறியாத வயதில் அவருக்கு மணம் முடித்தார்கள்; அது நிலைக்கவில்லை. தந்தையும் காலமானார். அந்நாளில் அத்தகைய பெண்ணுக்குச் சமையலறையின் மூலைதான் கதி. ராஜலக்ஷ்மியின் தாயாரோ மகளை அழைத்துக்கொண்டு திருச்சிக்குச் சென்றார். பெண்ணுக்குக் குரல் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் பரிந்துரையால் சாமண்ணா ஐயரின் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. குடும்பப் பெண் மேடையேறுவதை ஊரார் எப்படிப் பேசியிருப்பர் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேடை அவருக்குக் கொடுத்த பயிற்சி சாமானியமானதன்று. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாக விழ வேண்டும். எதிரே நிற்பவர் எடுத்துப் பாடினால், அந்தச் சுருதியிலேயே பதில் சொல்ல வேண்டும். நடிப்பவரே பாடவேண்டியிருந்த அந்நாளில், புதிதாய் வந்த ஒலிப்பதிவுக் கருவிக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

'காளிதாஸ்' படத்தை இயக்கியவர் எச். எம். ரெட்டி. அதில் நடந்ததோர் அதிசயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கதாநாயகி தமிழில் பேசுகிறாள்; தமிழ் சரிவர வராத கதாநாயகர் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் விடையளிக்கிறார். பூசாரியாக வரும் எல். வி. பிரசாத் இந்தியில் பேசுகிறார். ஒரு மொழியை மற்றொன்றாக்குவதையே உத்தியோகமாகக் கொண்டவன் நான். என் போன்றவருக்கு அங்கே வேலையே இல்லை! காளிதாசன் கதைக்குச் சற்றும் தொடர்பில்லாமல் தியாகராஜரின் கீர்த்தனைகளும், காந்தியடிகளையும் இராட்டையையும் போற்றும் பாடல்களும் இடம்பெற்றன. மதுரகவி பாஸ்கரதாஸ் பாடல்கள் இயற்றினார். படச்சுருள் சென்னை வந்திறங்கியபோது, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ரயில் நிலையத்திலிருந்து கொட்டகைவரை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். 1931 அக்டோபர் 31-ஆம் நாள் திரையிடப்பட்ட படம் நன்றாக ஓடிற்று.

அதன்பின் கல்கத்தாவில் எடுக்கப்பட்ட 'வள்ளி திருமணம்' 1933-இல் வெளிவந்து பெருவெற்றி கண்டது. 'சினிமா ராணி' என்று மக்கள் அவரைக் கொண்டாடினர். உடன் நடித்த டி. வி. சுந்தரத்தை அவர் மணந்துகொண்டார்.

ஆயினும் என் கருத்தில் அவருடைய துணிவு முழுமையாக வெளிப்பட்டது 1936-இல்தான். தாம் எழுதிய நாவலைத் தாமே 'மிஸ் கமலா' என்ற படமாக்கி, தாமே இயக்கி, தாமே நடித்தார். தென்னிந்தியாவில் ஒரு பெண் திரைப்படம் இயக்கியது அதுவே முதல் தடவை. சமையலறை மூலைக்கு உரியவள் என்று விதிக்கப்பட்ட பெண், கூடியிருந்த ஆடவருக்கெல்லாம் கட்டளையிடும் இடத்தில் நின்றாள். தம் மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார்.

பிற்காலத்தில் புதிய முகங்கள் வந்தன. அவர் மெல்ல ஒதுங்கினார். 1964-இல் காலமானார்.

பம்பாயில் பதிவான அந்தத் தமிழை இன்று கேட்க வழியில்லை. 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றும் எஞ்சவில்லை. பத்திரிகை விளம்பரங்களும், சில நிழற்படங்களுமே மிஞ்சியிருக்கின்றன.