பண்பாட்டுப் பாலங்கள் திட்டம்

பண்பாட்டுப் பாலங்கள் என்பது அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் 1996இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சித் திட்டம். அதே சமயம் ஓர் ஆய்வும்கூட. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் ஒரு நெறியையும் பள்ளியில் வேறொரு நெறியையும் சந்தித்துத் தடுமாறுவதை ஆசிரியர்களுக்குப் புரியவைப்பதே இதன் நோக்கம். பட்ரீசியா கிரீன்ஃபீல்ட், பிளாங்கா கிரோஸ், காரி ராத்ஸ்டீன்-ஃபிஷ், எலீஸ் டிரம்புல் ஆகியோர் இதை வகுத்தனர். ஸ்பானியம், ஆங்கிலம் இரண்டும் அறிந்த 7 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதில் பங்கேற்றனர்.

பள்ளி, பிள்ளை தன் காலில் நிற்க வேண்டும் என்கிறது. அந்த வீடுகளோ, பிள்ளை குடும்பத்துக்கு உதவியாக இருக்க வேண்டும் என்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் மழலையர் வகுப்பொன்றில் நடந்ததைத் திட்டத்தார் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். ஆசிரியை ஒரு கோழிமுட்டையைக் காட்டி, முட்டை சமைத்ததையும் சாப்பிட்டதையும் நினைத்துப் பார்த்து அதை வருணிக்கச் சொன்னார். ஒரு குழந்தை, பாட்டியோடு முட்டை சமைத்த கதையைச் சொல்ல மூன்று முறை முயன்றது. ஆசிரியை அதைக் கவனிக்காமல், உடைத்தால் உள்ளே வெள்ளையும் மஞ்சளும் தெரியும் என்ற குழந்தையைப் பாராட்டினார். கேட்ட கேள்விக்கு நேரான பதிலைத்தான் முதல் குழந்தையும் சொல்ல வந்தது. ஆசிரியையிடம் கனிவு இல்லாமல் இல்லை. உறவோடு சேர்ந்து வரும் அறிவைப் பாடமாக ஏற்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் பின்னாளில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, மாணவர்களின் குடும்பக் கதைகளை ஒரு பக்கமும் அவற்றிலிருந்து கிடைக்கும் அறிவியல் செய்திகளை மறுபக்கமும் எழுதினார். கதை சொன்ன பிள்ளை அங்கே தோற்கவில்லை.

பெற்றோர் சந்திப்பிலும் இதே இடைவெளி உண்டு. மகளைத் தனித்துப் புகழ்ந்தால் தந்தை சங்கடப்படுகிறார். அவள் ஒழுங்காக நடந்துகொள்கிறாளா என்றே கேட்கிறார். இதை உணர்ந்த சில ஆசிரியர்கள் பெற்றோர் பலரை ஒன்றாக அமர்த்திப் பேசினர். வகுப்பு வேலைகளையும் ஆளுக்கொன்றாகப் பிரிக்காமல், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் செய்ய விட்டனர்.

பள்ளியுடையது தனிமனித நோக்கு, இந்த வீடுகளுடையது கூட்டு நோக்கு என்ற பகுப்பு எளிதில் முத்திரையாகிவிடும். எல்லாக் குடும்பங்களிலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன. பள்ளிப்படிப்பும் நகர வாழ்வும் அந்தக் கலவையை மாற்றுகின்றன. ஆகவே இப்பகுப்பைப் பிள்ளையின் வீட்டாரிடம் கேட்டறிவதற்கான தொடக்கமாக மட்டுமே கொள்வது நல்லது. திட்டத்தின் அனுபவங்களை வைத்து ஆசிரியர்களுக்கான கையேடு 2001இல் வெளிவந்தது. வகுப்பறை நடைமுறைகளை விரிவாகப் பேசும் நூலை ராத்ஸ்டீன்-ஃபிஷும் டிரம்புலும் 2008இல் எழுதினர்.