கோலிக்குண்டும் கோட்டைச் சுவரும்

சரித்திரம் பார்க்கப் போகிறவன் விளையாட்டில் புத்தியைச் செலுத்தக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அந்த வார்த்தையை மீறினேன். அதற்குரிய தண்டனை என் இடது கை முட்டியில் நாலு நாள் சிவந்து கிடந்தது.

பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். கர்நாடக நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியது என்பார்கள். அகழியும் அரைவட்டக் கொத்தளங்களும் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன. நான் போன தினம் ஞாயிற்றுக்கிழமை. கொத்தளத்தின் நிழலில் நாலு பையன்கள் கோலி ஆடிக் கொண்டிருந்தார்கள். சற்று எட்ட ஒரு சிறுமி தன்னந்தனியாகப் பாண்டிக் கட்டம் கீறிச் சில்லு எறிந்து கொண்டிருந்தாள்.

நான் நின்று பார்ப்பதைக் கண்டு, பையன்களில் மூத்தவன், "என்ன சார், ஒரு ஆட்டம் வர்றீங்களா?" என்றான்.

நாற்பது வயசுக்கு மேல் இப்படி ஓர் அழைப்பு வந்தால் எப்படி மறுப்பது? போனேன், தோற்றேன். தோற்றவன் முட்டி போட வேண்டும் அல்லவா? கையை மடக்கித் தரையில் வைத்தேன். அந்தப் பையன் நடுவிரலை வில்லாக வளைத்துக் கோலியை விட்டான். 'டக்' என்று எலும்பில் வந்து விழுந்தது. ஏழு அடி தூரம். குறி ஒரு நூல் தவறவில்லை.

"எங்கேடா கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

"இதுல கத்துக்க என்ன சார் இருக்கு? முட்டி வலிச்சா தானா வந்துடும்" என்றான்.

கோட்டையைப் பார்த்ததைவிட இந்தப் பதிலைப் பற்றித்தான் அன்றைக்கு அதிகமாக யோசித்தேன்.

யோசனைக்குக் காரணம் உண்டு. அந்தக் கோட்டையின் அடியில்தான் 1751-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஒரு சண்டை நடந்தது. வாலிகண்டபுரம் சண்டை என்று அதற்குப் பெயர். முகமது அலிக்குத் துணையாக வந்த இங்கிலீஷ்காரப் படைக்கு ஜின்ஜன் என்பவர் தளபதி. எதிரே சந்தா சாகிபும் அவருக்குத் துணையான பிரெஞ்சுக்காரர்களும். கோட்டைக்குள் இருந்த அதிகாரியோ இரண்டு பக்கமும் பேரம் பேசிக் கொண்டிருந்தார். கடைசியில், இங்கிலீஷ் சோல்ஜர்கள் திடீரென்று கிலி பிடித்துப் பின்வாங்கினார்கள். திருச்சிராப்பள்ளி வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் படையோடு சாமான் சப்ளை பார்க்கும் உத்தியோகத்தில் வந்திருந்த வாலிபர் ஒருவரும் அன்று பின்வாங்கினார். அவர் பெயர் ராபர்ட் கிளைவ்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு கஜத்துக்கு அப்பால் அந்தக் குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கே நிச்சயம் கிடையாது. அதனால்தான் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி ஒரே சமயத்தில் சுடச் சொன்னார்கள். தனி மனிதனின் குறி அங்கே தேவைப்படவில்லை. நல்ல வில்லாளி ஒருவன் உருவாகப் பிள்ளைப் பருவம் முழுவதும் வேண்டும். துப்பாக்கிக்காரன் உருவாகச் சில மாதக் கவாத்துப் போதும். துப்பாக்கி ஜெயித்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இங்கிலீஷ்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அவர்களும் வில்லை நம்பி வாழ்ந்தவர்கள்தாம். 1363-இல் மூன்றாம் எட்வர்டு ராஜா ஓர் உத்தரவு போட்டார். திடகாத்திரமான ஆண்பிள்ளைகள் எல்லாரும் பண்டிகை நாட்களில் வில் பழக வேண்டும், கல் எறிவது, பந்து உதைப்பது, சேவற்சண்டை பார்ப்பது எல்லாம் கூடாது, மீறினால் சிறை. ஜனங்களுக்கு விளையாட்டின் மேல்தான் ஆசை. ராஜாவுக்கோ பயிற்சியின் மேல் ஆசை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும்.

அது தோன்றியவர்கள் மத்தியதரைக் கடலில் இருக்கும் பலியாரிக் தீவுகளின் தாய்மார்கள். அந்தத் தீவுக்காரர்கள் கவண் எறிவதில் உலகப் பிரசித்தி பெற்றவர்கள். கார்த்தேஜ் படையிலும் ரோமாபுரிப் படையிலும் கூலிக்குப் போய்க் கவண் எறிந்தவர்கள். பழைய ரோமானிய ஆசிரியர்கள் அவர்களைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார்கள். பிள்ளைக்குப் பசி வந்ததும் தாய் ரொட்டியை எட்டாத இடத்தில் வைத்து விடுவாளாம். கவண் கல்லால் அதை அடித்தால்தான் சாப்பாடு. இதில் சட்டமும் இல்லை, சிறையும் இல்லை. வயிறு ஒன்றே வாத்தியார்.

நம் பக்கத்திலும் இத்தகைய விளையாட்டுகள் இருந்திருக்கின்றனவா? இருந்திருக்கின்றன. கம்பர் அதற்குச் சாட்சி. கூனியின் மனத்தில் வன்மம் எப்படிப் புகுந்தது? சிறு பிள்ளையாக இருந்த ராமன் விளையாட்டு வில்லில் மண்ணுருண்டையை வைத்து அவள் கூன்மேல் அடித்தான். அந்த அடியை அவள் மறக்கவில்லை. ராஜகுமாரன் அம்பு தொடுப்பதற்கு முன் உண்டைவில்லில் குறி பழகுவான் என்பது கம்பர் காலத்து ஜனங்களுக்குத் தெரிந்த சங்கதி என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஒரு பிள்ளை விளையாட்டு பதினாலு வருஷ வனவாசத்தில் கொண்டுபோய் விட்டது! அந்த ராமனின் அம்பில் விழுந்த வாலி பூஜித்த ஸ்தலம் என்றுதான் வாலிகண்டபுரத்துக்குப் பெயர்க்காரணம் சொல்கிறார்கள்.

இதே சீமையில், கிழக்கே, கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அந்தச் சோழர்களின் படையில் 'பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்' என்று ஒரு பிரிவு இருந்ததைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. 'தெரிந்த' என்றால் பொறுக்கி எடுத்த என்று அர்த்தம். பொறுக்குவதற்கு முன்னால் கை பழகிய பிள்ளைகள் நிறையப் பேர் ஊர் ஊராக இருந்தால்தானே ராஜா பொறுக்க முடியும்? பொறுக்கியவரின் பெயர் கல்லில் இருக்கிறது. பழக்கிய விளையாட்டின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கல்வெட்டில் இடம்பெறாத இன்னொரு கூட்டமும் உண்டு. தினைப்புனத்துப் பரண்மேல் நின்று கவண் எறிந்தவள் வள்ளி. பழைய தமிழ்ப் பாட்டுக்களில் பயிரைக் காத்துக் கிளி ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களே. நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் அத்தையிடம் தெரிந்துகொண்டேன்.

உடையார்பாளையத்துப் பக்கம் எங்கள் ஊர். அத்தை, என் தகப்பனாருக்கு மூத்தவள். கல்யாணத்துக்கு முன்பு கதிர் முற்றும் காலமெல்லாம் சோளக் கொல்லைப் பரணில் இருந்தவள். அது கரிசல் பூமி, கல் கிடைக்காது. களிமண்ணை உருட்டி வெயிலில் காயவைத்து, ஒரு நாளைக்கு இருபது உருண்டை என்று மடியில் கட்டிக் கொண்டு போவாளாம். இருபதும் தீர்ந்து விட்டால் மாலை வரைக்கும் தொண்டை கிழியக் கத்தித்தான் குருவி ஓட்ட வேண்டும். "தப்பா ஒண்ணு விட்டா ஒரு நாழி கத்தணும்டா. அதனாலே தப்பா விடமாட்டேன்" என்பாள்.

எனக்கு அப்போது பத்து வயசு. கொல்லை மாமரத்தில் கல் விட்டுக் கொண்டிருந்தேன். ஒரு காய்கூட விழவில்லை. திண்ணையில் இருந்த அத்தை எழுந்து வந்தாள். கீழே கிடந்த கல்லை எடுத்தாள். அதிகம் பார்க்கக்கூட இல்லை. காம்போடு மாங்காய் வந்து என் காலடியில் விழுந்தது. வாசலில் என் தகப்பனார் நிற்பதை அப்போதுதான் இருவரும் கவனித்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அத்தை தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் அவள் கல் எடுத்து நான் பார்த்ததே கிடையாது. எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! "போடா, பொம்பளைக்கு அது எதுக்கு?" என்பதுதான் பதில்.

அத்தையின் கையிலிருந்து வெட்கம் பிடுங்கிக் கொண்டதை, தெற்கே சிவகங்கைச் சீமையில் சர்க்காரே பிடுங்கியது. அங்கே வளரி என்று ஓர் எறிபடை உண்டு. பிறை போல் வளைந்த கட்டை. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற துரை வாலிபத்தில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டார். தேர்ந்த கையிலிருந்து போனால் நூறு கஜத்துக்குள் அது தப்பாது என்று 1830-இல் வெளியான தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். துப்பாக்கி தடுமாறிய அதே நூறு கஜம்! கற்றுக்கொடுத்த அந்த மனிதரை வேட்டையாடிய படையிலேயே வெல்ஷும் இருக்கும்படி ஆயிற்று. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதைப் பற்றி எழுதும் இடத்தில் அந்தத் துரையின் மனம் கனத்துப் போவது தெரிகிறது.

அதே வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் தென்பாண்டிப் பாளையங்களில் ஜனங்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்று பிரகடனம் போட்டார். அந்தக் கவர்னர் யார் தெரியுமா? எட்வர்டு கிளைவ், ரஞ்சன்குடியிலிருந்து பின்வாங்கிய ராபர்ட் கிளைவின் மகன். தகப்பனார் நம் சீமையில் பின்வாங்கி ஏறக்குறைய ஐம்பது வருஷத்தில் மகன் எறிபடைகளைப் பிடுங்கும் இடத்துக்கு வந்து விட்டார்.

ஆனால், ஒரு விஷயம் அவருக்குத் தப்பிப் போயிற்று. ஆயுதத்தைப் பறிக்கலாம், பையன் டிராயர்ப் பையில் இருக்கும் கோலியை யார் பறிப்பது? பம்பரத்தை யார் பிரகடனம் போட்டு நிறுத்துவது? பம்பரத்தில் தோற்றவன் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும். மற்றவர்கள் ஆணியால் அதில் ஆக்கர் குத்துவார்கள். பாண்டியில் சில்லு கோட்டில் விழுந்தால் ஆட்டம் போயிற்று. அந்தச் சிவகங்கைச் சீமையில்தான் கீழடியும் இருக்கிறது. அங்கே தோண்டியபோது ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றை ஆராய்ச்சிக்காரர்கள் விளையாட்டுச் சில்லு என்றே குறிக்கிறார்கள். அப்படியானால் அரண்மனையும் படையும் போன பிறகும் சில்லு மட்டும் நின்றிருக்கிறது.

இங்கிலீஷ்காரர்களும் கடைசியில் இந்தப் பாடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய மதுக்கடைகளில் 'டார்ட்ஸ்' என்று ஓர் ஆட்டம் உண்டு. சுவரில் வட்டப் பலகை. ஏழு அடி ஒன்பதே கால் அங்குலம் தள்ளி நின்று சிற்றம்பு எறிவது. பலகையில் இருபது எண்கள். பெரிய எண்ணான 20-க்கு இரு பக்கமும் 5-ம் 1-ம். ஆசைப்பட்டு விரல் பிசகினால் அற்பம்தான் கிடைக்கும். கை பழக அவர்கள் ஆடுகிற ஓர் ஆட்டம் கடிகாரச் சுற்று. ஒன்றில் தொடங்கி இருபது வரை வரிசையாக அடிக்க வேண்டும். ஒன்றை அடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. இது பாண்டியே அல்லவா? முதல் கட்டத்தில் சில்லு விழுந்தால்தானே இரண்டாம் கட்டம்?

1988-இல் உலக சாம்பியனாக இருந்த பாப் ஆண்டர்சன் பெயரால் இன்னொரு பயிற்சி வழங்குகிறது. 27 புள்ளி கையில் கொடுத்து ஆரம்பிப்பார்கள். பலகையின் விளிம்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் இரட்டிப்பு மதிப்புள்ள குறுகிய கட்டம் உண்டு. ஒன்றிலிருந்து வரிசையாக அதற்கு மூன்று மூன்று அம்பு. பட்டால் மதிப்புக் கூடும். மூன்றும் தவறினால் அந்த மதிப்பு கழியும். கையிருப்புத் தீர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதைப் படித்தபோது எனக்குச் சாம்பியன் நினைவு வரவில்லை. மடியில் இருபது மண்ணுருண்டையோடு பரணேறிய ஒரு சிறு பெண்ணின் நினைவுதான் வந்தது.

பரணும் சோளமும் இருந்த இடத்தில் இன்றைக்குப் பருத்தியும் மக்காச்சோளமும் நிற்கின்றன. கவண் பின்னத் தெரிந்தவர்களை எங்கள் ஊரில் விரல் விட்டு எண்ணலாம். அத்தையும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவள் குறியைப் பற்றி எழுதி வைத்தவர் யாரும் இல்லை. கண்ணால் பார்த்தவர்களில் நான் ஒருவன் மிச்சம். அதனால்தான் நேயர்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

கோட்டையிலிருந்து புறப்படும்போது அந்தப் பையன்களில் ஒருவன் கோலியைச் சிறுமியிடம் நீட்டி, "நீ ஒரு தடவை அடி பாப்போம்" என்று கேலி செய்தான். அவள் சில்லைக் கீழே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள். மூத்தவன் சிரித்துக்கொண்டே கையை மடக்கித் தரையில் வைத்தான்.

அடுத்த நிமிஷம் அவன் கையை உதறிக்கொண்டு குதித்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன்.